தேதிக்குக் கொடுக்கும் காசு

(வில்லிங்டன் தீவில் தமிழ் வணிகர்களும் துறைமுகப் பணியாளர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது 'விமானப் பயண வல்லுநர்' என்று பெரிய சால்வையாகப் போர்த்திவிட்டார். நான் டிக்கெட் போடுகிறவன். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டிக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, முப்பது வருஷம். அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கொல்லத்திலிருந்தும் எங்கள் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்தும் வரும் அண்டி வியாபாரிகள். முந்திரி என்றால்தான் சென்னைக்காரர்களுக்குப் புரியும். எங்கள் ஊரில் அது அண்டி. அதை உடைக்கிற ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். என் அம்மா அண்டி ஆபீசில் கொட்டை உடைத்தவர். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும். அந்தக் கொட்டையில் பாதி நம் தோப்பில் விளைந்ததல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது பத்து வயதுவரை எனக்குத் தெரியாது. பிற்பாடு அந்தக் கொட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டே பிழைப்பேன் என்பதும் தெரியாது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண் நூறு வருஷத்துக்கு முன் காயலின் அடியில் கிடந்தது. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தினார். அப்போது தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடம்தான் வில்லிங்டன் தீவு. கப்பல், ரயில், விமானம் மூன்றும் இந்தச் சின்னத் தீவுக்கே வந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 1999இல் நெடும்பாசேரி திறக்கும்வரை பயணிகள் விமானமும் இங்கே கடற்படை ஓடுதளத்தில்தான் இறங்கியது. இன்று ரயிலும் இல்லை, பயணிகள் விமானமும் இல்லை. ஆனாலும் ஆப்பிரிக்கா போகிறவனுக்கு முதல் ஸ்டேஷன் இந்தத் தீவுதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கரைக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போக்குவரத்து புதிதல்ல. பாய்மரக் காலத்தில் வாடைக்காற்றில் புறப்பட்டுப் போவார்கள், கச்சான் எழும்பினால் திரும்புவார்கள். மட்டாஞ்சேரிக்கு வந்து குடியேறிய கச்சுக்காரர்களின் உறவினர் கூட்டம் ஒன்று சான்சிபாரிலும் இருந்தது. அந்தக் காலத்துத் திரும்பும் டிக்கெட் காற்றிடம் இருந்தது. சரக்கு முடிந்தாலும் காற்று மாறாமல் கிளம்ப முடியாது. காற்று மாறிவிட்டால் சரக்கு முடியாவிட்டாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். தேதி மாற்றம் கிடையாது, பணம் திரும்பாது. இன்றைய மலிவு டிக்கெட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கச்சான்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் விலகிப் போனாலும் பரவாயில்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள், பெரும்பாலும் நம் தமிழ், தெலுங்கு மக்கள். சில வருஷ ஒப்பந்தம். பத்து வருஷம் அங்கே இருந்துவிட்டால் ஊருக்குத் திரும்பக் கப்பல் இலவசம். ஆப்பிரிக்காவில் தமிழன் கையில் இருந்த முதல் 'ஓப்பன் டிக்கெட்' அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பலர் அதைப் பயன்படுத்தாமலே அங்கே தங்கிவிட்டார்கள். தங்குவதா திரும்புவதா என்பதைப் போகும்போதே முடிவுசெய்ய முடியாது என்பதை அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சட்டம்கூட ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் டிக்கெட் தளங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அண்டிக்கு வருவோம். தென்னமெரிக்க மரம் அது. போர்ச்சுக்கீசியர் இந்தக் கரையிலும் மொசாம்பிக் கரையிலும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று கொல்லத்து ஆலைகளுக்கு நம் நாட்டு விளைச்சல் போதாது. தான்சானியாவில் அக்டோபரில் ஏலம் தொடங்கும். மொசாம்பிக்கிலும் ஏறக்குறைய அதே பருவம். பிப்ரவரியில் மேற்கே ஐவரி கோஸ்ட்டில் பருவம் திறக்கும். இன்று உலகத்தில் அதிகம் கச்சாக் கொட்டை விளைவது அங்கேதான். கானாவும் கூடவே வரும், 2024 வரை பெனினும் வந்தது. ஏப்ரலில் கினி-பிசாவ். அந்தச் சின்ன நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த ஒரு கொட்டையிலிருந்துதான். ஜனவரியில் கிளம்பும் ஆள் தான்சானியாவின் ம்ட்வாராவில் கடைசிச் சரக்கைப் பார்த்து, மொசாம்பிக்கின் நம்புலாவில் ஒரு எட்டு வைத்து, அபிஜான், பிசாவ் என்று நகர்ந்து மே மாதம் வீடு திரும்புவார். நாலைந்து நாடு, நாலைந்து மாதம்.

இதில் எந்தத் தேதியையும் அவர் தீர்மானிப்பதில்லை. மழை தீர்மானிக்கும், அரசாங்கம் அறிவிக்கும் விலை தீர்மானிக்கும், கட்டிங் தீர்மானிக்கும். கட்டிங் என்றால் மூட்டையிலிருந்து மாதிரிக் கொட்டை எடுத்து வெட்டிப் பார்ப்பது. எண்பது கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதுதான் அவுட்டன். நாற்பத்தெட்டு என்று சொன்ன சரக்கு நாற்பத்தேழு நின்றால் பருப்பில் இரண்டு விழுக்காடு போயிற்று. அந்த ஒரு பவுண்டுக்காக ஆள் இன்னும் பத்து நாள் அந்த ஊரிலேயே கிடப்பார், அடுத்த கிராமத்துச் சரக்கைப் பார்க்கப் போவார். அவர் சட்டைப்பையில் இருக்கும் டிக்கெட்டுக்கோ அவுட்டன் தெரியாது.

2018 நவம்பரை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தான்சானியாவில் வியாபாரிகள் கேட்ட விலைக்கு விவசாயிகள் கொடுக்க மறுத்தார்கள். ஏலம் நின்றது. ஜனாதிபதி மகுஃபுலி கிலோ 3,300 ஷில்லிங் விலைக்கு மொத்த விளைச்சலையும் அரசே வாங்கும் என்று அறிவித்து, சரக்கு எடுக்க ராணுவ லாரிகளை அனுப்பினார். வாங்கப் போனவர்கள் ஹோட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் கினி-பிசாவில் கிலோவுக்கு 1,000 சி.எஃப்.ஏ. பிராங்க் என்று அரசு உயரத்தில் விலை வைக்க, வாங்குகிறவர்கள் அங்கேயும் தயங்கி ஒதுங்கினார்கள்.

அந்த நவம்பரில் என்னிடம் டிக்கெட் வாங்கிய ஒரு அண்ணாச்சி தார் எஸ் சலாமிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நீங்க போட்டது ஃப்ளெக்ஸி டிக்கெட்தானே? நான் மொசாம்பிக் போறேன். அங்கேயிருந்து ஊருக்கு வர்ற மாதிரி மாத்துங்க." எனக்கு வியர்த்துவிட்டது. நான் போட்ட டிக்கெட்டில் தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஊரை மாற்ற முடியாது.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். 'ஃப்ளெக்ஸி' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு உரிமைகள் கிடக்கின்றன. தேதியை மாற்றுவது ஒன்று. வழியை, ஊரை மாற்றுவது வேறு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது மூன்றாவது. சொல்லாமல் கொள்ளாமல் விமானத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும், அதாவது நோ-ஷோ, அது நான்காவது. ஒன்று இருக்கும் டிக்கெட்டில் மற்றது இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயணம் தொடங்குமுன் மாற்றினால் ஒரு விதி, பாதி போன பிறகு மாற்றினால் வேறு விதி. இரண்டு வகைக் கட்டணத்தை ஒட்டிப் போட்ட டிக்கெட்டில் பெரும்பாலும் எந்தப் பாதியின் விதி கடுமையோ அதுதான் முழுவதற்கும் பேசும். போகும்போது விலை உயர்ந்த வகுப்பு, வரும்போது மலிவு வகுப்பு என்று சாமர்த்தியமாக வாங்குகிறவர்கள் இதில்தான் விழுவார்கள்.

அடுத்த பள்ளம் இதைவிட ஆழமானது. 'மாற்றக் கட்டணம் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மைதான், கட்டணம் இல்லை. விலை வித்தியாசம் உண்டு. ஒரே விமானத்தின் எகானமி இருக்கைகளை ஆங்கில எழுத்துகளால் பத்துப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஒரே சாப்பாடு, எழுத்து வேறு. நீங்கள் வாங்கிய எழுத்தில் புதிய தேதியில் இடம் இருந்தால் சும்மா மாற்றலாம். இல்லாவிட்டால் மேல் எழுத்துக்கு ஏற வேண்டும், வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஒரு கணக்குக்காக மட்டும் சொல்கிறேன்: எழுபதாயிரம் ரூபாய் டிக்கெட்டை இரண்டு முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் வித்தியாசமும் அபராதமுமாக இருபதாயிரம் கட்டினால், முதலிலேயே தொண்ணூற்றைந்தாயிரம் கொடுத்து மேல் எழுத்தில் வாங்கியிருக்கலாம். ஆனால் ஒருமுறையும் மாற்றாமல் திரும்பிவிட்டால் அந்த இருபத்தைந்தாயிரம் வீண். ஆகவே, "ஃப்ளெக்ஸி வாங்கவா வேண்டாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: "போன மூன்று பருவத்தில் எத்தனை தடவை தேதி மாத்தினீங்க?" பெரும்பாலும் அவருக்கே தெரியாது. பழைய டிக்கெட்டெல்லாம் என்னிடம் இருக்கிறது. எடுத்துக் காட்டுவேன்.

காகித டிக்கெட் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவப்புக் கார்பன் ஒட்டிய கூப்பன் புத்தகம், ஒரு புத்தகத்துக்கு நாலு கூப்பன். ஆப்பிரிக்கச் சுற்றுக்கு மூன்று புத்தகம் சேர்த்துத் தைக்க வேண்டிவரும். அன்று மைல் கணக்கில் கட்டணம் போடுவோம். இரண்டு ஊருக்கு இடையே இத்தனை மைல் அனுமதி என்று தடித்த புத்தகத்தில் இருக்கும். அதற்குள் எத்தனை ஊர் வழியாகவும் வளைந்து போகலாம், நடுவில் இறங்கித் தங்கலாம். அனுமதி மைலுக்கு மேல் போனால் ஐந்து ஐந்து விழுக்காடாக ஏறும், இருபத்தைந்து விழுக்காடு வரை. பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, நைரோபியைச் சேர்த்தால் எவ்வளவு, அடிஸ் அபாபா வழி திருப்பினால் எவ்வளவு என்று போட்டுப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. முழுக் கட்டண டிக்கெட் ஒரு வருஷம் செல்லும். பின்னால் ஒரு முத்திரை குத்தினால் வேறு கம்பெனி விமானத்திலும் ஏறலாம். விலை அதிகம்தான், ஆனால் வாங்கியவன் ராஜா. 2008 மே மாதத்தோடு காகிதம் ஒழிந்தது. மைல் புத்தகத்தை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை.

ஆப்பிரிக்காவுக்குள் பறப்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்று கேட்பீர்கள். அண்டை நாட்டுத் தலைநகருக்குப் போக பாரிஸ் வழியாகவோ லிஸ்பன் வழியாகவோ போன காலம் உண்டு. யார் ஆண்டார்களோ அவர்கள் ஊரை நோக்கியே பாதை போட்டிருந்தார்கள். பிரெஞ்சு பேசும் நாடுகள் 1961இல் சேர்ந்து தொடங்கிய ஏர் ஆஃப்ரிக் 2002இல் திவாலானது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து நடத்திய நிறுவனம் 1977இலேயே உடைந்துவிட்டது. 1999இல் ஆப்பிரிக்க நாடுகள் கூடி, வானத்தை ஒருவருக்கொருவர் திறந்துவிடுவது என்று ஓர் ஒப்பந்தம் எழுதின. எழுதிய ஊர் யாமுசுக்ரோ, ஐவரி கோஸ்ட்டின் தலைநகரம். நம் அண்டிக்காரர்களுக்குப் பழகிய ஊர்தான். 2018இல் ஒரே வான் சந்தை என்று மறுபடி தொடங்கினார்கள். வானம் இன்னும் முழுதாகத் திறந்தபாடில்லை. அதனால் நடைமுறையில் அடிஸ் அபாபா, நைரோபி, மேற்கே லோமே, வடக்கே காசாபிளாங்கா என்று சில சந்திகளில் போய் மாறித்தான் ஆக வேண்டும். சென்னை, பெங்களூரு, மும்பையிலிருந்து அடிஸுக்கு நேர் விமானம் உண்டு. கொச்சியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வளைகுடா வழி.

இதை வைத்து நான் எப்படி டிக்கெட் போடுகிறேன் என்றால், பெரிய கடல் தாண்டும் இரண்டு நீளத் துண்டுகளை ஒரே டிக்கெட்டாகப் போடுவேன். ஆனால் போய் இறங்கும் ஊரும் திரும்பக் கிளம்பும் ஊரும் வேறு வேறாக இருக்கும். தார் எஸ் சலாமில் இறங்கு, அபிஜானிலிருந்து கிளம்பு. எங்கள் தொழிலில் இதற்கு ஓப்பன் ஜா என்று பெயர், திறந்த வாய். காசைக் கொட்ட வேண்டியது இந்தத் திரும்பும் துண்டில்தான். தேதியும் மாற வேண்டும், முடிந்தால் கிளம்பும் ஊரும் மாற வேண்டும். அதிகபட்சம் எத்தனை மாதம் தங்கலாம் என்ற விதியையும் அங்கேதான் பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் செத்துப்போகும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நாலாம் மாதம் தேதி மாற்ற முடியாது. நடுத் துண்டுகளை ஊரிலிருந்தே வாங்காதீர்கள். அங்கே போய், சரக்கு முடிந்த அன்று வாங்குங்கள், ஒருவழி டிக்கெட்டாக. கொஞ்சம் விலை கூடினாலும் வீணாகும் டிக்கெட்டை விட மலிவு. என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இதைக் கேட்பதில்லை. "எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க, நிம்மதியா இருக்கும்" என்பார்கள். அது நிம்மதி இல்லை, கச்சான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு நானே ஒருவரைக் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அபிஜான், அக்ரா, லோமே, கோட்டனூ என்று ஆறு துண்டு, ஒரே டிக்கெட். அவர் அக்ராவில் இருந்தபோது அங்கிருந்த நண்பர் ஒருவர், "லோமேதானே, காரில் கொண்டுவிடுகிறேன்" என்றார். கடற்கரைச் சாலை, நல்ல பேச்சுத்துணை. இவரும் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போனார். நான்கு நாள் கழித்து லோமே கவுண்டரில், "உங்கள் பெயரில் எதுவும் இல்லை" என்றார்கள். ஒரு துண்டில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் துண்டெல்லாம், ஊர் திரும்பும் டிக்கெட் உட்பட, தானாக ரத்தாகிவிடும். கூப்பனை வரிசையாகத்தான் கிழிக்க வேண்டும் என்ற பழைய விதி அது. தேதி மாற்றம், எடை, பணம் திரும்புவது எல்லாம் அவருக்கு விளக்கிய நான் இதைச் சொல்லவில்லை. காரில் ஏறுவதற்கு முன் ஒரு போன் செய்து அந்தத் துண்டை நீக்கித் தரச் சொல்லியிருந்தால் கொஞ்சம் செலவோடு போயிருக்கும். புது டிக்கெட்டில் பாதியை நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்: காரில் போகுமுன் கூப்பிடவும்.

தனித்தனி டிக்கெட்டிலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் மேல் கடமை ஏதும் இல்லை. பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். மாதிரிக் கொட்டைப் பையோடு குடியேற்ற வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி விடுங்கள்.

விசாவைப் பற்றி ஒரே வார்த்தை. டிக்கெட் வளைந்து விசா வளையாவிட்டால் பயன் இல்லை. ஒற்றை நுழைவு விசா வைத்திருக்கும் நாட்டிலிருந்து வெளியே போனால் பொதுவாக அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. 2014 முதல் கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா இருக்கிறது. ஆனால் அதில் வியாபாரம் பேசக் கூடாது, தான்சானியாவும் அதில் இல்லை. 2024இலிருந்து கென்யா விசாவையே எடுத்துவிட்டு மின்னணு முன்அனுமதி வைத்திருக்கிறது.

இனி, இந்தத் தீவு முதல் ஸ்டேஷன் என்றேனே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடும் துறைமுகச் சுகாதார அலுவலகம் இந்தத் தீவில்தான் இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். டிக்கெட்டின் முதல் தேதியை நான் அதிலிருந்துதான் எண்ணத் தொடங்குவேன். முன்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டையைத் தொலைத்துவிட்டு, காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எந்த வகுப்பு டிக்கெட் வைத்திருந்தாலும் அந்த ஆறு நாளை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். பெட்டிக்குள் போடாதீர்கள், பெட்டி வேறு ஊருக்குப் போகும்.

முன்வரிசையில் தம்பி ஒருவர் கையை உயர்த்தியபடியே இருக்கிறார். சொல்லுங்க தம்பி... சரி. பிப்ரவரியில் அபிஜான், ஏப்ரலில் பிசாவ், அங்கேயிருந்து நேரே ஊர். பிசாவுக்கு டிக்கெட் இப்போதே வாங்கவா என்று கேட்கிறார்.

வேண்டாம். அரசாங்கம் விலை அறிவிக்கட்டும். லோமே, டக்கார், காசாபிளாங்கா மூன்று வழியும் பாருங்க. லிஸ்பன் வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கு ஐரோப்பிய விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை இப்போது அபிஜானிலிருந்து போடுங்க, கிளம்பும் ஊரை டக்காருக்கு மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் வகுப்பாகப் பார்த்து. என்னிடமே வாங்க வேண்டும் என்பதில்லை. யாரிடம் வாங்கினாலும் விதிப் பக்கத்தை அச்செடுத்துக் கேளுங்க, முழுப் பக்கத்தையும். ஊசி போட்டாச்சா? இல்லையா? அலுவலகம் இங்கே பக்கத்தில்தான். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்க.